அப்பா ஓட்டினார், சித்தப்பா தூக்கினார்

ஊசிப்பாறை எஸ்டேட்டின் கடைசி வளைவில் திரும்பும்போது அப்பாவின் லாரி இரண்டு தடவை ஆரன் அடிக்கும். வீட்டில் இருக்கிற நாங்கள் மூன்று பேரும் ஓடுவோம். ஓடும்போது சித்தப்பாவையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் ஓடுவோம். கைக்குழந்தையான தங்கச்சி பேச்சி அவர் இடுப்பில் இருப்பாள். நான் அவர் வேட்டி முனையைப் பிடித்திருப்பேன். அண்ணன் நல்லசாமி முன்னால் ஓடிப்போய், "சித்தப்பா, சீக்கிரம் வாங்க!" என்று கத்துவான். லாரியிலிருந்து குதித்து இறங்கும் அப்பா எங்களைப் பார்த்து வாய் நிறையச் சிரிப்பார். பார்வை சித்தப்பாவிடம் வந்ததும் அந்தச் சிரிப்பு சுருங்கிவிடும்.

அப்பாவின் பெயர் சுடலைமணி. குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில் லாரிக்கார சுடலைமணி என்றால் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் இருபத்தைந்து வருஷம் போல அந்த மலையில் லாரி ஓட்டினார். எங்களுக்காக உடம்பைத் தேய்த்த மனுஷன். குடிக்க மாட்டார், சீட்டு ஆட மாட்டார். அடுத்தவன் வீட்டைப் பார்த்து, அடுத்தவன் சட்டையைப் பார்த்து ஏங்கியதும் கிடையாது. அவருக்கு இருந்த பொறாமை முழுவதும் ஒரே ஆள் மேல்தான் இருந்தது. அந்த ஆள் அவருடைய சொந்தத் தம்பி, எங்கள் சித்தப்பா சங்கிலி.

அவர்கள் இரண்டு பேரும் சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லாமல் போனவர்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்ட வேலைக்கு மலையேறி வந்த குடும்பம். காய்ச்சல் வந்த ஒரு வருஷத்தில் பெரியவர்கள் போய்விட்டார்கள். அப்பாதான் தம்பியை வளர்த்தார். தேயிலைப் பெட்டி ஏற்றும் மாட்டு வண்டிகளோடு நடந்து, கிடைத்த சோற்றில் பாதியைத் தம்பிக்கு எடுத்து வைத்தவர். சித்தப்பா கொஞ்சம் வளர்ந்ததும் பேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இலை உருட்டும் மெஷினில் அவருடைய இடது கை மாட்டிக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. அதற்குப் பிறகு கனமான வேலை எதுவும் அவரால் முடியவில்லை. இலை நிறுக்கிற கொட்டகைக்குக் காவல் என்று ஒரு வேலை கொடுத்தார்கள். கொட்டகை எங்கள் வீட்டுக்கு நேர் கீழே. கூப்பிட்டால் கேட்கிற தூரம்.

முதல் உலகச் சண்டை முடிந்து கொஞ்ச நாளில் எஸ்டேட்டுக்கு லாரி வந்தது. காற்றடிக்காத கட்டி ரப்பர் டயர், முன்னால் கண்ணாடி கிடையாது, கைப்பிடியைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அதை ஓட்ட சில்வஸ்டர் என்று ஒரு டிரைவர் பெங்களூரிலிருந்து வந்தார். அப்பா அவருக்குக் கிளீனராகச் சேர்ந்தார். சில்வஸ்டருக்கு மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஊர் திரும்பியபோது ஸ்டியரிங் அப்பாவின் கைக்கு வந்தது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்குவார். திரும்பும்போது எஸ்டேட்டுக்கு அரிசி மூட்டை ஏற்றி வருவார். வளைவுக்கு வளைவு லாரியைப் பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் விட்டு ஏற வேண்டும். வீட்டுக்கு வந்தால் தோள் இரண்டும் கல் மாதிரி இறுகியிருக்கும்.

அம்மா இசக்கியம்மா கொழுந்து பறிக்கப் போகிறவர். விடிகிற நேரத்துக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனால் பொழுது சாயும்போதுதான் வருவார். அப்பா ரோட்டில், அம்மா காட்டில். எங்களைப் பார்த்துக்கொண்டது சித்தப்பா. கஞ்சி ஊற்றுவார், மூக்குச் சிந்தி விடுவார், காலில் ஒட்டிய அட்டையைச் சுண்ணாம்பு வைத்து எடுப்பார். எனக்குத் தலை பின்னி விடுவார். ஒரு பிரி முடியை அந்த இரண்டு விரலால் இடுக்கி, இன்னொன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னுவார். ஒரு முடி கூட இழுபடாது.

அப்பா அதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"கனகம், இங்க வா. இன்னைக்கு நான் பின்னி உடறேன்."

எனக்கு அப்போது ஆறு ஏழு வயது. போய் உட்கார்ந்தேன். அவர் கை விரல்கள் தடித்துப்போய், நகத்துக்குள் கிரீஸ் கறுப்பாக ஏறியிருக்கும். சீப்பை வைத்து ஒரு இழு இழுத்தார். நான் அலறிவிட்டேன்.

"சித்தப்பா பின்னட்டும்ப்பா. வலிக்குது."

"எனக்குன்னா வலிக்குது! அவன் பின்னுனா மட்டும் வலிக்காதாக்கும்!"

சீப்பு முற்றத்தில் போய் விழுந்தது. சித்தப்பா அதை எடுத்துத் துடைத்து மாடத்தில் வைத்துவிட்டு, கொட்டகைக்கு இறங்கிப் போனார்.

ஊரில் ஒன்றிரண்டு பேர் அப்பாவின் காதில் வேறு மாதிரி விஷயமும் போட்டுப் பார்த்தார்கள். வீட்டில் வாலிபத் தம்பியை விட்டுவிட்டு வண்டியோட்டப் போகிறாயே என்று. அப்பா அதற்குக் காது கொடுக்கவே இல்லை. அம்மாவின் மேல் அவருக்கு ஒரு நிமிஷம் கூடச் சந்தேகம் வந்தது கிடையாது. அவர் வெந்தது எங்களுக்காகத்தான். நாங்கள் அவருடைய பிள்ளைகள். நாங்கள் சிரித்தால் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அழுதால் அவரிடம் ஓடி வர வேண்டும். அவர் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

பிறகு தேயிலை விலை விழுந்த வருஷங்கள் வந்தன. எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. லாரி வாரத்துக்கு ஒரு நாள் ஓடினால் பெரிது. அந்த நேரத்தில் பைக்காராவில் மின்சாரத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. சிமெண்டும் இரும்புக் குழாயும் ஏற்ற லாரி டிரைவர்கள் வேண்டும் என்றார்கள். எங்கள் எஸ்டேட் லெஸ்லி துரையிடம் சொல்லிவிட்டு அப்பா அங்கே போனார். மழையிலும் சேற்றிலும் குழாய் ஏற்றிய லாரியை ஓட்டுவது உயிரைக் கையில் பிடித்துச் செய்கிற வேலை. வாரக்கணக்கில் வீட்டுக்கு வர மாட்டார். எங்கள் எஸ்டேட் லைன் வரிசை வீடுகள் பலவற்றில் அப்போது ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது. எங்கள் வீட்டில் இரண்டு வேளையும் எரிந்தது என்றால் அது அப்பா பைக்காராவில் பட்ட பாடு.

அப்படி ஒரு தடவை ரொம்ப நாள் கழித்து வந்தார். தாடி வளர்ந்திருந்தது, கறுத்து மெலிந்திருந்தார். ஊட்டியில் வாங்கிய வர்க்கி ரொட்டிப் பொட்டலம் கையில் இருந்தது. பேச்சிக்கு அப்போது இரண்டு வயது. அவளைத் தூக்கக் கையை நீட்டினார். அவள் வீறிட்டுக் கத்தி, சித்தப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"யாரோ! யாரோ!" என்றாள்.

"அடி, உங்கப்பாடி கண்ணு. அப்பா பாரு," என்று சித்தப்பா அவள் முகத்தைத் திருப்பப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

அப்பா வர்க்கிப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். அன்றைக்கு அவர் வீட்டுக்குள் படுக்கவில்லை. லாரியில் போய்ப் படுத்துக்கொண்டார். குளிர் தாங்காது என்று சித்தப்பா கம்பளி எடுத்துக்கொண்டு போனார். "அதையும் நீயே வச்சுக்க," என்று அப்பா சொன்னது எங்களுக்கு உள்ளே வரைக்கும் கேட்டது.

பைக்காரா வேலை முடிந்து எஸ்டேட் லாரிக்கே திரும்பிய பிறகு அவர் விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்த்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து வளையல், ரப்பர் பந்து, சிவப்பு ரிப்பன் என்று ஒவ்வொரு நடைக்கும் ஏதாவது வரும். நாங்கள் வாங்கிக்கொண்டு நேராக, "சித்தப்பா, இங்க பாருங்க!" என்று ஓடுவோம். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? சந்தோஷத்தை யாரிடம் காட்டிப் பழகியிருந்தோமோ அவரிடம் காட்டினோம். அப்பா லாரியின் படியில் உட்கார்ந்து ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொள்வார்.

அடுத்த மழைக்காலத்தில் பேச்சிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மூச்சு விடும்போது விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. மருந்துக் கொட்டகையில் இருந்தவர் குன்னூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். மேட்டுப்பாளையம் போயிருந்த அப்பா அப்போதுதான் வந்து நின்றார். அரிசி மூட்டையைக் கூட இறக்கவில்லை. லாரியை அப்படியே திருப்பினார். முன் இருக்கையில் பேச்சியை மடியில் வைத்துக்கொண்டு சித்தப்பா, ஓரமாக அம்மா. என்னையும் மூட்டை மேல் ஏற்றிக்கொண்டார்கள்.

மதிய நேரம்தான், ஆனால் மூட்டம் இறங்கி ரோடே தெரியவில்லை. அப்பா தலையை வெளியே நீட்டி, ரோட்டோரக் கற்களைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். மழைச் சாரல் அவர் கண்ணிலேயே அடித்தது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம். எந்த வளைவிலும் அவர் நிறுத்தவில்லை. பேச்சி அரை நினைவில், "சித்தப்பா, பயமா இருக்கு," என்று முனகிக்கொண்டே வந்தாள்.

"சித்தப்பா புடிச்சிருக்கேன் சாமி. ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல."

அப்பாவால் பேச்சியைத் திரும்பிப் பார்க்கவே முடியவில்லை. பார்த்தால் லாரி கீழே போயிருக்கும்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா பேச்சியை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "நல்ல வேளை, இப்பவே தூக்கிட்டு வந்தீங்க. இன்னும் கொஞ்சம் தாமசம் ஆயிருந்தா கஷ்டம். கொழந்தையோட அப்பா நீங்கதானே?" என்று சித்தப்பாவைக் கேட்டார்.

"நானில்லீங்க. அவருங்க," என்று சித்தப்பா வாசலைக் காட்டினார்.

வாசலில் அப்பா கொதித்துப்போன லாரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நர்ஸம்மா கேட்டது அவர் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். வாளியை வைத்தவர் நிமிரவே இல்லை.

பேச்சி பிழைத்து வீட்டுக்கு வந்தாள். லைன் பெண்களெல்லாம் பார்க்க வந்தார்கள். "சங்கிலி இல்லீன்னா இந்தப் புள்ள ஏது?" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அப்பா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"மடியில வச்சவன் பேருதான் நிக்குது. ரோட்டப் பாத்தவன ஒருத்தரும் கேக்கல, இசக்கி."

"நான் கேக்குறேனுங்களே," என்றார் அம்மா. அது அவருக்குப் போதவில்லை.

அதற்கப்புறம் அவர் லெஸ்லி துரையைப் போய்ப் பார்த்தார். எங்கள் எஸ்டேட் கம்பெனிக்குச் சேரங்கோட்டுப் பக்கம் புதிதாக ஒரு எஸ்டேட் இருந்தது. அங்கே ஸ்டோர் காவலுக்கு நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. தம்பியை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் சொல்லும்போது நல்லது செய்கிற மாதிரிதான் சொன்னார்.

"உனக்குன்னு தனியா ஊடு குடுப்பாங்க, சங்கிலி. உனக்கும் ஒரு கல்யாணம் காட்சி வேணாமா? எத்தன நாளைக்கு எம் புள்ளைகளுக்கு மூக்குச் சிந்திக்கிட்டு இருப்ப?"

"சரிங்கண்ணா," என்றார் சித்தப்பா. ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்குமே தெரியும்.

லாரியிலேயே கூட்டிப் போனார். ஊட்டி, பைக்காரா, கூடலூர் தாண்டிப் போகிற நீளமான ரோடு அது. வழியில் என்ன பேசினார்கள் என்பதைப் பல வருஷம் கழித்துச் சித்தப்பா என்னிடம் சொன்னார். நடுவட்டம் இறக்கத்தில் சித்தப்பாதான் வாயைத் திறந்திருக்கிறார்.

"பேச்சி தூங்கறப்ப அவ பாதத்தக் கொஞ்ச நேரம் கையில புடிச்சிருக்கோணுங்க அண்ணா. இல்லீன்னா முழிச்சுக்குவா."

அப்பா பிரேக்கை அழுத்தி லாரியை நிறுத்தியிருக்கிறார்.

"எம் புள்ளையப் பத்தி எனக்கே நீ சொல்லித் தர்றியா?"

சேரங்கோட்டில் இறங்கும்போது சித்தப்பா அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார். அப்பா ஊர் வந்து சேரும் வரை எதுவும் சாப்பிடவில்லை என்று அம்மா சொன்னார்.

வீடு செத்த வீடு மாதிரி ஆனது. பேச்சி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினான். நான் தலையைச் சிக்கோடு விட்டேன். அம்மா சீப்பை எடுத்தாலும் ஓடினேன். அப்பாவின் லாரி ஆரன் அடித்தால் யாரும் ஓடவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா ஒரு நாள் சோறு போடும்போது கேட்டார்.

"ஏனுங்க, உங்க தம்பிய அனுப்புனீங்க, சரி. அவரு எடத்துல நீங்க வந்து உக்காருவீங்கன்னு நெனச்சேன். எடம் சும்மாதானுங்களே கெடக்குது?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அந்தக் கேள்வி அவருக்குள் எங்கோ போய்த் தைத்திருக்க வேண்டும். பிறகு அவர் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். தூரத்து நடை எதற்கும் போக மாட்டேன் என்று துரையிடம் சொன்னார். கூடுதல் படியெல்லாம் போனால் போகட்டும் என்றார். காலையில் இறங்கினால் சாயங்காலம் வீடு. வந்ததும் மண்ணெண்ணெய் விட்டுக் கிரீஸைத் துடைத்து, சுடுதண்ணீரில் கையைக் கழுவுவார். அம்மாவின் பழைய கம்பளியிலிருந்து நூலைப் பிரித்து, லாரிப் படியில் உட்கார்ந்து சடை மாதிரிப் பின்னிப் பின்னிப் பழகினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒரு நாள் நானே போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன். வலிக்கத்தான் செய்தது. நான் சொல்லவில்லை.

பேச்சியின் பாதத்தையும் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். அவள் முதலில் உதறினாள், பிறகு பழகிவிட்டாள். பல நாள் அவள் தூங்குவதற்கு முன்னால் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். கை மட்டும் பாதத்தை விடாது.

இரண்டு வருஷம் போனது. சேரங்கோட்டில் கொழுந்து பறிக்கிற தபித்தாள் என்ற பெண்ணைச் சித்தப்பா கட்டிக்கொள்வதாகத் தகவல் வந்தது. அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் சொந்தத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார்.

போய் இறங்கினால், சித்தப்பாவைச் சுற்றி அந்த எஸ்டேட் லைன் பிள்ளைகள். தோளில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. போன இடத்திலும் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓடி வந்தார். நேராகப் பேச்சியிடம் வந்து குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"பேச்சி! என் சாமி!"

பேச்சி அவரைப் பார்த்தாள். அந்த இரண்டு விரல் கையைப் பார்த்தாள். பின்னாலேயே நகர்ந்து போய் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

அப்பாவின் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். அதை மறைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் அவர் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"போடி, போ. சித்தப்பாடி. உன்னத் தூக்கித் தூக்கி வளத்த சித்தப்பா," என்று அப்பா அவளை முன்னால் தள்ளினார். அவள் வரவில்லை. அவர் திரும்பத் திரும்பத் தள்ளினார். கடைசியில் அவள் அழுதாள்.

"உடுங்கண்ணா," என்றார் சித்தப்பா. "கொழந்தைக்கு நெனப்பு இருக்காதுங்க." பிறகு என் பக்கம் திரும்பி என் சடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "யாரு கனகம் பின்னுறது?"

"அப்பா."

"பரவால்லியே," என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். கல்யாண வேலை இருக்கிறதென்று போன மாதிரி இருந்தது.

திரும்பும் வழியில் பைக்காரா பக்கம் லாரிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினோம். அப்பா வாளியோடு நின்றபடி அம்மாவிடம் சொன்னார்: "நான் செஞ்சது சரியில்ல, இசக்கி. அவன் மூஞ்சியப் பாத்தியா? ஆனா பேச்சி எம் பின்னால வந்து ஒளிஞ்சப்ப..."

"தெரியும். உங்க மொகத்துலயே தெரிஞ்சுது," என்றார் அம்மா.

அப்பாவின் பொறாமைக் குணம் அதோடு போய்விட்டது என்று நினைத்தால் தப்பு. என் கல்யாணம் முடிந்ததும், குன்னூர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரரிடம் ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மறுவீடு வந்து, "அவருக்குக் காரம் ஆகாதும்மா," என்று சொன்னதற்குச் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். மாப்பிள்ளை என்ன செய்வார், பாவம். ஆனால் சித்தப்பாவை மட்டும் அதற்கப்புறம் அவர் விடவில்லை. லீவு கிடைக்கும்போதெல்லாம் தம்பியும் தபித்தாள் சித்தியும் எங்கள் வீட்டுக்கு வந்து தங்க வேண்டும். வராவிட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும். வந்தால் வேறு கோபம் வரும்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் லாரிக்குப் பின்னால் கரி அடுப்பு மாட்டி, அதில் வருகிற வாயுவில் ஓட்டினார். அந்தப் புகையிலோ என்னவோ கண் மங்கத் தொடங்கியது. ஒரு நாள் காலை பர்லியார் வளைவில் மூட்டம் என்று லாரியை நிறுத்திக் காத்திருந்திருக்கிறார். பக்கத்தில் வந்த வண்டிக்காரர், "ஏனுங்க, வெயில் பளிச்சுன்னு அடிக்குது, எதுக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கே துரையிடம் போய், இனி ஓட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை. எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டு, அவரும் அம்மாவும் குன்னூரில் எங்கள் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீட்டுக்கு வந்தார்கள்.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது. அவனைக் காலையில் குளிப்பாட்டுவது, கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவது, ரயில் காட்டுவது எல்லாம் தாத்தாதான். வேறு யாரும் தொடக்கூடாது. சித்தப்பா லீவில் வந்த நாட்களில்தான் தகராறு. பிள்ளைகளுக்கு அவரிடம் என்னதான் இருந்ததோ, வந்த அரைமணி நேரத்தில் என் மகன் அவர் மடியில் இருப்பான்.

ஒரு நாள் காலை மூன்று பேரும் ரயில் பார்க்கக் கிளம்பினார்கள். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை நடுவில், ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தார்கள். சித்தப்பா ஏதோ சொல்ல, அவன் அவரை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். அப்பா உடனே நடையை எட்டிப் போட்டார். பிள்ளை அவர் பக்கம் சாய்ந்தான். சித்தப்பாவும் எட்டிப் போட்டார். கண் சரியாகத் தெரியாத கிழவரும் கை சரியில்லாத கிழவரும் ஸ்டேஷன் இறக்கத்தில் கிட்டத்தட்ட ஓடினார்கள். பிள்ளைக்குத் தரையில் கால் பாவவில்லை. அவன் இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு, "இன்னும்! இன்னும்!" என்று கத்திக்கொண்டே போனான்.